மலையகச் சிறுமியரும் இல்லத் தொழினுட்பக் கல்வியும்

தொழினுட்பம் என்னுஞ் சொல் தொழில், நுட்பம் ஆகிய இரு சொற்களின் புணர்ச்சியாற் பிறந்தது. நிலைமொழியின் லகரங் கெட, வருமொழியின் நகரம் னகரமாகத் திரிந்து, இரண்டும் ஒரு சொல்லாய் அமைகின்றன. பொருளளவிலும் இவை இவ்வாறே ஒன்றுபட வேண்டியவை. நுட்பமில்லாத தொழில் வெறும் உழைப்பு. தொழிலொடு சேராத நுட்பம் வெறும் ஏட்டறிவு. இலங்கையின் மலைநாட்டுப் பெருந்தோட்டங்களில் இவ்விரண்டும் பல தலைமுறைகளாகப் பிரிந்தே நின்றன. தொழில் லயத்தில் வாழ்ந்தோரிடத்தும், நுட்பம் பணிமனையிலும் தொழிற்சாலையிலும் இருந்தோரிடத்தும் தங்கின.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்களில் நுட்பம் இல்லையென எவருங் கூறார். இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கண் தேர்ந்தெடுக்க, கை ஒடித்தெடுக்கும் அத்திறம் நீண்ட பயிற்சியால் வருவது. எனினும் அக்கொழுந்தை நிறுக்கும் தராசும், அதைத் தேயிலையாக்கும் இயந்திரமும், அதற்குரிய கூலியைக் கணிக்கும் ஏடும் அவளுக்கு அந்நியமாகவே இருந்தன. அவள் மகளுக்கேனும் அவை உரியனவாதல் வேண்டும் என்னும் நோக்கத்துடனேயே சிறுமியர்க்கான தொழினுட்பக் கல்வி இக்காலத்திற் பேசப்படுகின்றது. அக்கல்வி மகளுக்கு மட்டும் உரியதா, அவள் பிறந்த குடும்பம் முழுமைக்கும் உரியதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இவ்வினாவுக்கு விடை காண ஊவா மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத்தின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

மீரியபெத்த தரும் பாடம்

பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரிவில், பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பெருந்தெருவின் வழியில், கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ளது மீரியபெத்த. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, ஏறத்தாழ ஏழரை மணியளவில், தொடர்மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து அத்தோட்டத்தின் லயங்களை மூடியது. மாண்டோர் பலர், அவர்களுட் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது, தம் இல்லம் இருந்த இடத்திற் சேற்றையே கண்டனர். எஞ்சியோர் நெடுங்காலம் தற்காலிக இருப்பிடங்களில் வாழ்ந்தனர். மகல்தெனியவில் அவர்களுக்கென 75 வீடுகள் கட்டப்பெற்று 2016இற் கையளிக்கப்பெற்றன.

இத்துயரம் எவரும் முன்னறியாதது அன்று. அந்நிலம் சரியக்கூடியதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆகவே அறிவு இருந்தது, அளவீடு இருந்தது, அறிக்கையும் இருந்தது. ஆயின் அவ்வறிவு மக்களின் அன்றாட வாழ்வில் இறங்கி, "இன்றிரவு இவ்வீட்டில் உறங்கலாமா?" என்னும் வினாவுக்கு விடையாக மாறவில்லை. மாறியிருப்பினும், சென்று குடியேற வேறு நிலம் அவர்களுக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை. இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது கல்வியாற் தீர்வது. இரண்டாவது கல்வியால் மட்டுந் தீராதது.

இதுவரை நடந்த முயற்சிகள்

தோட்டப் பிள்ளைகளின் கல்வி நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. எனினும் ஓராசிரியரும் ஓர் அறையும் கொண்ட பள்ளிகளே பல காலம் நிலவின. 1970களில் அரசு இப்பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் நடைபெற்ற மேம்பாட்டுத் திட்டங்களாற் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் ஓரளவு வளர்ந்தன.

கணினிக் கல்வி இதன் பின்னரே வந்தது. உலக வங்கியின் ஆதரவுடன் 2004இல் தொடங்கிய 'இ-ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ், அறிவுச்சாலை எனப் பொருள்படும் 'நெனசல' நிலையங்கள் நாடெங்கும் நிறுவப்பெற்றன. நூலகம், விகாரை, கோயில், சமூக நிலையம் போன்ற இடங்களிற் கணினியும் இணையமும் வைத்து ஊரார்க்குக் கற்பிப்பதே அவற்றின் நோக்கம். இத்திட்டம் 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் பரிசைப் பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மீரியபெத்த மண்ணில் மூழ்கியது. நாட்டின் தொழினுட்பக் கல்வி உலக அரங்கிற் பாராட்டப்பட்டதற்கும், ஒரு தோட்டத்து மக்கள் தம் தலைமேல் நின்ற மலையின் நிலையை உரிய வேளையில் அறியாது போனதற்கும் இடையே இரண்டு மாதங்களே கழிந்திருந்தன.

உயர்தர வகுப்பில் தொழினுட்பவியல் துறை 2013இல் தொடங்கப்பெற்றது. பொறியியற் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் என்பன அதன் பாடங்கள். 2005இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழினுட்பத்துக்கெனப் பட்டப்படிப்பே உண்டு. பெண் பிள்ளைகளை இத்துறைக்கு ஈர்ப்பதற்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2011 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்து நான்காம் வியாழக்கிழமையைச் சிறப்பு நாளாகக் கொண்டாடி வருகின்றது.

வாயில்கள் திறந்திருப்பினும், அவ்வாயில்களை அடையும் பாதை தோட்டச் சிறுமிக்கு நீண்டது. பல தோட்டப் பாடசாலைகள் ஐந்தாந் தரத்துடன் முடிகின்றன. உயர்தர விஞ்ஞானமும் தொழினுட்பவியலும் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலைகள் நகரங்களையே சார்ந்துள்ளன. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகளில், நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று பிரிவுகளுள் கணினி அறிவிற் கடைசியாக நிற்பது தோட்டமே. 2020 மார்ச் மாதத்திற் பெருந்தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வேற்றத்தாழ்வு யாவர்க்கும் வெளிப்பட்டது. பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியில் அலைவரிசை தேடிப் பிள்ளைகள் மலையேறி மரக்குடிலில் அமர்ந்து பாடங் கேட்ட செய்தி 2021இல் உலகச் செய்தியாயிற்று. குடும்பத்தில் இருந்தது ஒரே கைத்தொலைபேசி. அதுவும் தந்தையிடமோ தமையனிடமோ இருக்கும். மகளின் முறை கடைசியாகவே வரும். ஆகவே இக்கல்விக்குக் குடும்பத்தின் இசைவும் அறிவும் இன்றியமையாதன என்பது தெளிவாகும்.

மழைமானி ஓர் எடுத்துக்காட்டு

குடும்பத்துக்கு ஏன் தொழினுட்பக் கல்வி வேண்டும் என்பதை ஒரு சிறு கருவி கொண்டு விளக்கலாம். அஃது மழைமானி. வாயும் அடியும் ஒரே அகலமுடைய, நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பாத்திரமும் ஓர் அடிமட்டமும் அதற்குப் போதும். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் விலகிய திறந்த வெளியில் அதனை வைத்து, நாடோறும் காலை எட்டரை மணிக்குத் தேங்கிய நீரின் உயரத்தை அளந்து, ஏட்டிற் குறித்து, நீரைக் கொட்டிவிடுதல் வேண்டும். ஆறாந் தரத்து மாணவி செய்யக்கூடிய செயல் இது.

அவ்வளவீட்டின் பொருளை உணர்வதே கல்வி. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர் ஆகும். ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்யின், அந்த ஓர் ஏக்கரில் விழும் நீர் ஏறத்தாழ 607,000 லீற்றர். அதன் எடை 607 தொன். அதில் ஒரு பகுதி வடிந்தோடும். மற்றொரு பகுதி மண்ணுட் புகும். மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் மிகும்போது, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை குறைகின்றது. மலையடியிற் பண்டு சரிந்து சேர்ந்த தளர்மண்ணாயின், வடிகான்கள் தூர்ந்திருப்பின், இவ்வலிமை விரைவிற் கெடும். இதனாலேயே 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றர் ஆனால் ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றர் ஆனாலோ ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறுதல் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எல்லைகளை வகுத்துள்ளது.

அளவீடு மகளின் கையில் இருக்கட்டும். பிற அறிகுறிகளை முதலிற் காண்பவர் யார்? பீலியில் நீர் பிடிக்கும் தாயே, தெளிந்த நீர் திடீரெனக் கலங்கியதைக் காண்பாள். மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பவளே நிலத்தில் தோன்றிய புதிய வெடிப்பையும், நேற்றில்லாத ஊற்றையும், சாய்ந்த மரத்தையும் காண்பாள். நெடுநாள் அத்தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியே எந்த ஓடை எப்போது திசை மாறியதென்பதை நினைவில் வைத்திருப்பாள். கான் வெட்டும் தந்தையே எவ்விடத்தில் நீர் வடியாது தேங்குகின்றதென்பதை அறிவான். மகள் பாடசாலையிற் கற்ற கணக்கு, இவர்கள் கண்ணாற் கண்டவற்றுடன் சேரும்போதே முழு அறிவாகின்றது. நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேறும் முடிவைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தனித்து எடுத்தல் இயலாது; அவள் சொல்லை வீட்டார் ஏற்பதற்கு, அவ்வெண்ணின் பொருளை அவர்களும் அறிந்திருத்தல் வேண்டும்.

இத்தேவை இன்னும் நீங்கவில்லை. 2023 மார்ச் மாதத்திற் பூனாகலைக்கு அண்மையிலுள்ள கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களிற் பெரும் உயிரழிவை விளைத்தது. அவ்வேளை எச்சரிக்கைகள் தமிழில் உரிய காலத்திற் கிட்டவில்லை என்னும் குறை பரவலாக எழுப்பப்பட்டது. தாய்மொழியில் வாராத எச்சரிக்கை, வந்தும் வாராததற்கு ஒப்பானது.

புதுச்சேரி காட்டிய வழி

இல்லத்தையும் ஊரையும் ஒருங்கே கொண்ட தொழினுட்பக் கல்விக்குத் தமிழ் நிலத்திலேயே சிறந்த முன்னுதாரணம் உண்டு. சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி மன்றம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றின் நடுவிடமாக அமைந்தது. எம்பாலம் என்னும் ஊரில் அம்மையம் கோயிலின் உள்ளேயே இடம்பெற்றது. கணினியை இயக்கி ஊரார்க்குத் தகவல் அளித்தோர் அவ்வூர்ப் பெண்கள். வீராம்பட்டினத்திற் கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு இணையத்திலிருந்து பெறப்பட்டு ஒலிபெருக்கி வாயிலாக மீனவர்க்குத் தமிழில் அறிவிக்கப்பட்டது. எழுத்தறியாதோரும் அதனாற் பயன் பெற்றனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது இவ்வேற்பாட்டின் பயன் விளங்கிற்று. நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அவர் தொலைபேசியில் தம் வீட்டாரை அழைத்தபோது, கடல்நீர் உட்புகுகின்றதெனத் தங்கை கூறக் கேட்டார். உடனே யாவரும் வெளியேறுமாறு சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே அச்செய்தியைப் பரப்ப, ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் பிழைத்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் அழியவில்லை. இங்கே அவ்வூரைக் காத்தது விலையுயர்ந்த கருவி அன்று. வீட்டிலிருந்த பெண் தான் கண்டதைச் சொன்னாள். தொலைவிலிருந்தவர் அதன் பொருளை உணர்ந்தார். ஒலிபெருக்கி எங்கே உளது, அதனை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை ஊரார் முன்னரே பழகியிருந்தனர்.

இராசஸ்தான் மாநிலத்துத் திலோனியாவில் 1972இல் நிறுவப்பெற்ற 'பெயர்ஃபுட்' கல்லூரியும் ஈண்டுக் கருதத்தக்கது. அங்கே எழுத்தறியாத கிராமத்துத் தாய்மாரும் பாட்டிமாரும் ஆறு மாதப் பயிற்சியிற் சூரிய மின்விளக்குகளை அமைக்கவும் பழுது பார்க்கவும் கற்கின்றனர். தொழினுட்பம் இளையோர்க்கே உரியதென்னும் எண்ணம் ஆதாரமற்றதென்பதற்கு அதுவே சான்று.

இல்லக் கல்வியின் உறுப்புகள்

ஊவாத் தோட்டங்களில் இத்தகைய கல்வி எவ்வாறு அமையலாம்? முதலாவதாகக் காலமும் இடமும் தொழிலாளர் வாழ்வுக்கு இயைந்திருத்தல் வேண்டும். காலைப் பிரட்டு முதல் மாலைக் கொழுந்து நிறுவை வரை ஓய்வில்லாத தாயை வார நாளில் அழைப்பது பயனற்றது. ஞாயிற்றுக்கிழமையோ பூரணை விடுமுறையோ ஏற்றது. பாடசாலை மண்டபம், கோயில் மண்டபம், பிள்ளைக் காம்பரா ஆகியவற்றுள் ஒன்றே போதிய இடமாகும். கைக்குழந்தையுடன் வரும் தாய்க்கும் அங்கே இடம் இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாகப் பாடம் வீட்டுத் தேவையிலிருந்து தொடங்குதல் வேண்டும். நாள்தோறும் பறித்த கொழுந்தின் நிறையை மகள் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பட்டியலாக்கி, மாத இறுதியிற் சம்பளச் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேலை நாள், மேலதிக நிறை, ஊழியர் சேமலாப நிதிக்கான கழிவு ஆகியவற்றைத் தாய் அப்பட்டியலைக் கொண்டு அறிவாள். வரிசை, நிரல், கூட்டல், சதவீதம் என்பன அதனூடே மகளுக்கும் பாடமாகும்.

மூன்றாவது மின்சாரம். பழைய லயங்களில் மின்னொழுக்கால் நேரும் தீ பலமுறை வரிசை முழுவதையும் எரித்துள்ளது. 'ட்றிப் சுவிட்ச்' எனப் பேச்சில் வழங்கும் சுற்றுடைப்பான் யாது செய்கின்றது, அதன் சோதனைப் பொத்தானை எப்போது அழுத்திப் பார்த்தல் வேண்டும், ஒரே செருகியிற் பல கருவிகளை இணைப்பது ஏன் கேடு என்பன யாவரும் அறியவேண்டியவை.

நான்காவது கைத்தொலைபேசியும் இணையமும். வங்கியின் பெயரால் வரும் பொய்ச் செய்தியை இனங்காணல், கடவுச்சொல்லைக் காத்தல், கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' தளத்திற் பாடங்களைக் காணல், இடரின்போது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் எண்ணை அழைத்தல் ஆகியவற்றைத் தாயும் மகளும் அருகருகே அமர்ந்து கற்பது நலம்.

ஐந்தாவதாக மேற்படிப்பு பற்றிய தெளிவு வேண்டும். சாதாரண தரத்தில் எப்பாடம் எடுத்தால் உயர்தரத்தில் எத்துறை கிட்டும், தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் எத்தகையது, பதுளையிலுள்ள பல்கலைக்கழகத்தில் யாது பயிலலாம் என்பவற்றைப் பெற்றோர் அறியாவிடின், பதினாறு வயதில் மகளை வேலைக்கு அனுப்பும் முடிவே எளிதாகத் தோன்றும்.

ஐயங்கள் சில

தொழினுட்பம் கற்ற பெண் தோட்டத்தை விட்டுச் சென்றுவிடுவாள் என்று கூறுவர் சிலர். கல்லாத பெண்ணும் இன்று தோட்டத்திலேயே இருப்பதில்லை. கொழும்புக் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், மத்திய கிழக்கின் வீட்டு வேலைகளுக்கும் அவள் செல்கின்றாள். கைத்திறனும் கணக்கறிவும் கொண்டு செல்கின்றாளா, அவையின்றிச் செல்கின்றாளா என்பதே வேறுபாடு.

கைத்தொலைபேசி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது பெற்றோரின் அச்சம். அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆயினும் கருவியை அறியாத தாய் தடுக்க மட்டுமே வல்லவள். அறிந்த தாயோ வழிகாட்ட வல்லவள். குடும்பத்தை விலக்கி மகளுக்கு மட்டும் கற்பிக்கும்போதே இவ்வச்சம் வளர்கின்றது.

யாவற்றினும் வலிய ஐயம் மூன்றாவது: நிலமற்ற மக்களுக்கு மழைமானி எதற்கு? மலை சரியும் என்று அறிந்தும் செல்ல இடமில்லையெனின் அவ்வறிவு துன்பத்தையே மிகுவிக்கும். இக்கூற்றில் உண்மை உண்டு. பாதுகாப்பான நிலமும் வீடும் வழங்கும் கடமையை எந்தக் கல்வித் திட்டமும் தன் தோளில் ஏற்றுக்கொள்ளல் இயலாது. அக்கடமையைத் தட்டிக்கழிக்கும் சாட்டாகவும் அஃது ஆகிவிடல் கூடாது. எனினும் அறிவு அவ்வுரிமையைக் கேட்பதற்கும் துணையாகும். ஆறு மாத மழைக்குறிப்பும், நாளிட்டு எடுத்த வெடிப்பின் படமும், தெளிவாக எழுதிய விண்ணப்பமும் கைவசம் கொண்ட குடும்பத்தின் குரலை எளிதில் ஒதுக்க முடியாது.

இந்துக் கல்லூரிகளிற் பயின்று பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் விளங்குவோர் பலர். விடுமுறை நாளொன்றில் ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சென்று, ஒரு மழைமானியை நாட்டி, தாய்மாரையும் மகளிரையும் ஒருங்கே இருத்தி அதன் பொருளை விளக்குவது அவர்க்கு அரிய செயலன்று. அதற்குரிய ஒலிபெருக்கியும் அங்கே ஆயத்தமாக உண்டு; தோட்டந்தோறும் மாரியம்மன் திருவிழாவில் ஒலிப்பது அதுவே. மாரி என்பது மழையின் பெயர். மாரியை வணங்கும் மகளிர் மாரியை அளக்கவும் கற்பாராயின், அவ்வழிபாட்டுக்கு அதனால் யாதொரு குறையும் நேராது. மலையடியில் உறங்கும் பிள்ளைகளுக்குக் காவலும் ஒன்று கூடும்.